வினாக்கொத்தும் வீட்டுத் தலைவரும்

சமூக விஞ்ஞானத் துறைகளிற் பயிலும் மாணவர் இறுதியாண்டை எட்டியதும் முதலில் தேடும் பொருள் வினாக்கொத்து. ஆய்வின் தலைப்பு உறுதியாவதற்கு முன்னரே வினாக்கொத்துத் தயாராகிவிடுவதும் உண்டு. முன்னையோர் கையாண்ட ஒன்றைப் பெற்று, ஊர்ப்பெயரை மாற்றி, இரண்டொரு வினாக்களைச் சேர்த்து, நூறு பிரதிகளுடன் களத்துக்குப் புறப்படுகின்றனர். இப்பொழுது கைத்தொலைபேசியிலேயே நிரப்பத்தக்க படிவங்களும் வந்துவிட்டன. நிரம்பிய படிவங்கள் எண்களாகின்றன, எண்கள் அட்டவணைகளாகின்றன, அட்டவணைகள் முடிவுரையாகின்றன. இவ்வரிசையின் எந்தப் படியிலும் சற்றே நின்று, இவ்வினாவைக் கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்று எண்ணிப் பார்க்க நமக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

வினாக்கொத்து ஆய்வாளனின் கைக்கு வருமுன் அது விடையளிப்பவரின் வாசலுக்கு வந்த ஒரு பொருளாகவே எனக்கு அறிமுகமாயிற்று. இன்று நான் மாணவருக்கு ஆய்வு முறையியல் கற்பிப்பவன். ஆயினும் அப்பாடத்தின் முதல் அத்தியாயத்தை நான் கற்றது நூலகத்தில் அன்று, தோப்பூரில். அங்குக் கற்றவற்றுள் சிலவற்றை இளைய ஆய்வாளரின் கவனத்திற்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோப்பூர் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக்குடாவின் தென்புறத்தே, மூதூரிலிருந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த ஊர். மக்களிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அயலிலே தமிழரும் சிங்களவரும் வாழும் ஊர்கள் உள்ளன. அல்லைக்குளத்து நீரை நம்பிய வயல்களே ஊரின் உயிர்நாடி. திருகோணமலை நகரத்திலிருந்து பார்த்தால் குடாவின் மறுகரையிலேயே இப்பகுதி கிடக்கின்றது. ஆனால் நெடுங்காலம் அக்கரைக்குச் செல்லக் கடலிலே இயந்திரப் படகையோ தரைவழியே இறங்குதுறைகளையோ நம்பியிருக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்த பின்னரே பயணம் எளிதாயிற்று; அதன் பின்னர் ஆய்வாளரின் வரவும் பெருகிற்று.

இக்குடாவின் கரை உலக அறிவு வரலாற்றில் ஓரிடம் பெற்றது என்பதை நம் மாணவர் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. 1660இல், புயலிலே பாய்மரம் முறிந்த தம் கப்பலைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரத்திற் கரையிறங்கிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டார். 1679இல் தப்பிச் செல்லும் வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள், கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே வாழ்ந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. அதே காலத்தில், 1666இல், இரசாயன அறிஞரான றொபேட் பொயில், பிறநாடுகளுக்குச் செல்லும் பயணிகள் எவற்றையெல்லாம் விசாரித்து வரவேண்டும் என ஒரு வினாப்பட்டியலை இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டிருந்தார். இன்றைய வினாக்கொத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம். ஒருவர் கேட்கவேண்டியவற்றை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். மற்றவர் எதையும் எழுதிக்கொண்டு வராமல், மக்களோடு உண்டும் உறங்கியும் அவர்தம் மொழியைப் பேசியும் அறிந்துகொண்டார். தோப்பூருக்கு வந்த ஆய்வாளர் பெரும்பாலும் முதலாமவரின் மரபினர்; அவர்கள் தங்கியிருந்த காலம் பொதுவாக ஒரு பகற்பொழுது.

2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போர், ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மூதூரையும் தோப்பூரையும் சூழ்ந்தது. அப்பொழுது நான் பத்தாந் தரத்து மாணவன். ஊர் முழுவதும் எழுந்து கந்தளாய்ப் பக்கம் நடந்தது. பாடசாலைக் கட்டடங்களிலும் கூடாரங்களிலும் தங்கியிருந்த அந்நாட்களில் உணவுப் பொதிகளுக்கு அடுத்தபடியாக எங்களிடம் வந்தவை படிவங்களே. காலையில் ஒரு நிறுவனத்தார் வருவர். மாலையில் இன்னொரு நிறுவனத்தார் வருவர். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பாய் தேவை, வீட்டுக்கூரை ஓடா தகரமா கிடுகா, மாத வருமானம் எவ்வளவு எனக் கேட்பர். ஊருக்குத் திரும்பிய பின்னரும் இவ்வருகை குறையவில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்ற காரணத்தால் எங்கள் வளவிலும் அயலிலும் படிவங்களை வாசித்துச் சொல்லும் பணி என்னிடம் வந்து சேர்ந்தது.

சில வாரங்களுள் ஊர் ஒன்றைக் கற்றுக்கொண்டது. எந்த விடைக்குக் கூரைத்தகரம் கிடைக்கும், எந்த விடைக்கு ஒன்றும் கிடைக்காது என்பதை வினா எழுதியவரைவிட விடையளித்தவர் நன்கு அறிந்திருந்தனர். இதனைப் பொய் என்று கடிந்து பயனில்லை. பசித்தவனிடம் உணவுப்பொதியைக் கையில் வைத்துக்கொண்டு வினவுபவர், வினாவோடு விடையையும் ஒருங்கே கொடுத்துவிடுகின்றார். முறையியல் நூல்கள் விடையளிப்போரின் சார்பு என இதனைக் குறிப்பிடும். எனக்குத் தெரிந்தவரையில் அச்சார்பின் வேர் விடையளித்தவரிடத்தில் இல்லை. வினா கேட்கப்பட்ட சூழ்நிலையில் உள்ளது.

சூழ்நிலைக்கு அடுத்தபடியாகச் சொல். கொழும்பிலோ வேறொரு நாட்டிலோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவராலே தமிழாக்கப்பட்டு வரும் வினாக்கொத்தின் தமிழ், தோப்பூரில் எவருடைய தமிழும் அன்று. மாத வருமானம் என்னும் வினாவை நோக்குவோம். நெற்செய்கையாளனுக்கு மாதந்தோறும் வருமானம் வருவதில்லை. பெரும்போக அறுவடையில் ஒரு தொகை, சிறுபோகத்துக்கு நீர் கிடைத்தால் இன்னொரு தொகை, அவ்வளவே. அத்தொகையிலும் பெரும்பகுதி விதைப்புக் காலத்திற் பட்ட கடனுக்குப் போய்விடும். எஞ்சியதைப் பன்னிரண்டாற் பிரித்துச் சொல்லுமாறு கேட்டால் அவன் தன் வாழ்வில் ஒருபோதும் கண்டிராத ஓர் எண்ணைச் சொல்ல வேண்டியவனாகின்றான். "ஒரு இருபதினாயிரம் போடுங்க தம்பி" என்று அவன் சொல்வது ஒரு தகவல் அன்று; வந்தவரின் மனம் நோகாதிருக்கச் செய்யும் உபசாரம். ஆனால் கணினியில் ஏறிய பின்னர் அவ்வுபசாரம் சராசரியாகவும் நியம விலகலாகவும் உருமாறிவிடும்.

தொழில் என்னும் வினாவும் இத்தகையதே. "சும்மாதான் இருக்கன்" என்று விடை சொன்ன பெண்களின் முற்றத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருக்கும். திண்ணையிற் பாதி இழைத்த பன்பாய் கிடக்கும். வளவின் மூலையில் நாலைந்து ஆடுகள் கட்டப்பட்டிருக்கும். அவர்கள் அகராதியில் தொழில் என்பது வெளியே போய்ச் சம்பளம் வாங்கும் காரியம். படிவத்தில் 'தொழிலற்றவர்' என்ற கட்டத்திற் கோடு விழும். இக்குறையைப் புள்ளிவிபரத் துறையினர் அறியாதவரல்லர். தொழிற்படை அளவீடுகளில், கடந்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது வருமானத்துக்காகவோ குடும்பத் தொழிலுக்காகவோ வேலை செய்தீரா என நுணுகிக் கேட்பதன் நோக்கம் இதுவே. ஆயினும் அவ்வாறு வகுக்கப்பட்ட வினாவை, களைத்துப்போன கணக்கெடுப்பாளர் மாலை ஐந்து மணிக்கு "வேலைக்குப் போறீங்களா?" என்று சுருக்கிக் கேட்கும்போது, அதன் நுண்மை முழுவதும் வாசற்படியிலேயே உதிர்ந்துவிடுகின்றது.

இன்னும் ஒன்று. 1932இல் றென்சிஸ் லிக்கேட் என்னும் அமெரிக்க உளவியலாளர் அறிமுகஞ் செய்த ஐந்து படி அளவுத்திட்டம் இன்று நம் மாணவர் ஏறக்குறைய அனைவரதும் கைவசமுள்ளது. "உமது தற்போதைய வாழ்க்கை நிலையில் நீர் எவ்வளவு திருப்தியடைகின்றீர்?" என்று கூடாரத்தில் இருந்த மூதாட்டி ஒருவரிடம் வினவப்பட்டதை நான் அருகிலிருந்து கேட்டேன். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்பது அதன் பொருள். கேட்டவர் மிகவும் திருப்தி என்ற கட்டத்தில் அடையாளமிட்டார். மகனையும் இழந்து வீட்டையும் இழந்து நின்ற அம்மூதாட்டி, துன்பத்திலும் இறைவனைக் குறைகூறலாகாது என்ற தம் பண்பாட்டையே வெளியிட்டார். ஐந்து கட்டங்களுள் எதுவும் அவ்விடைக்குரியதன்று.

மேற்காட்டியவை தரவின் தூய்மையைப் பற்றியவை. அவற்றால் ஓர் ஆய்வேடு பழுதுபடலாம், அவ்வளவே என்று சிலர் கூறக்கூடும். அவ்வளவோடு நிற்காத ஒரு வினாவைப் பற்றி இனிக் கூறவேண்டும். அது எல்லா வினாக்கொத்துகளினதும் முதற்பக்கத்தில், மிகச் சாதாரணமாக இடம்பெறுவது: 'வீட்டுத் தலைவர் யார்?'

கிழக்கிலங்கையில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குத் திருமணம் பேசும்போது வீடும் வளவும் சீதனமாக அவளுக்கு எழுதப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் தம் முதல் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அயலிலோ இன்னொன்றைக் கட்டி அடுத்த மகளுக்காகக் காத்திருப்பர். இதனால் ஒரே தெருவில் சகோதரிகள் அடுத்தடுத்து வாழ்வதைக் காணலாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தாய்வழிக் 'குடி' அமைப்போடு இணைந்து விளங்கும் இவ்வழக்கத்தை நூர் யல்மன், டெனிஸ் மக்கில்வ்ரே முதலிய மானிடவியலாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கணவன் இறப்பினும், விட்டு நீங்கினும், பெண் வீடற்றவளாகாள் என்பதே இவ்வழக்கத்தின் பெரும்பயன்.

ஆனால் அதே பெண்ணிடம் வீட்டுத் தலைவர் யார் எனக் கேட்டால், தயக்கமின்றிக் கணவனின் பெயரையே சொல்வாள். சபையிலும் பள்ளிவாசலிலும் குடும்பத்தின் சார்பில் நிற்பவன் அவன். தலைமை வேறு, உடைமை வேறு என்பது அவளுக்குத் தெளிவு. படிவத்தை எழுதியவருக்கோ அவ்விரண்டும் ஒன்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மூதூர், கிண்ணியாக் கரையோரங்களும் அதில் அடங்கும். அதன் பின்னர் கடற்கரையை அண்டி வீடு கட்டுவதற்குத் தடைவலயம் விதிக்கப்பட்டது. தென்பகுதியில் 100 மீற்றர் எனவும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் எனவும் முதலில் அறிவிக்கப்பட்டது. கரையோரத்தில் வீட்டை இழந்தவருக்கு வேறிடத்திற் காணியும் வீடும் வழங்கப்பட்டன. யாருக்கு வழங்குவது என்பதைத் தீர்மானிக்கக் கையில் இருந்தவை கணக்கெடுப்புப் படிவங்கள். வீட்டுத் தலைவர் என்ற கட்டத்தில் எழுதப்பட்டிருந்த பெயருக்கே பல இடங்களில் காணியுரிமையும் வழங்கப்பட்டது. கிழக்கிலே சீதனமாகப் பெண்ணிடம் இருந்த உடைமை, பேரலையால் ஒரு முறையும் படிவத்தால் இன்னொரு முறையும் அவள் கையை விட்டுப் போயிற்று. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளரும் இதனை அக்காலத்திலேயே எடுத்துரைத்தனர்.

இது என் உறவுக்குள்ளேயே நிகழ்ந்தது. என் தாயாரின் ஒன்றுவிட்ட சகோதரி, எங்களுக்குச் சாச்சி முறையானவர், மூதூர்க் கரையோரத்தில் சீதன வீட்டில் வாழ்ந்தவர். பேரலைக்குப் பின்னர் ஒரு நிறுவனத்தார் வீடு கட்டிக் கொடுத்தனர். நல்ல வீடு, அதில் ஐயமில்லை. உரிமைப் பத்திரம் சாச்சாவின் பெயரில் வந்தது. "ஊட்டுக்குத் தலைவர் ஆரெண்டு கேட்டாங்க, அவர்தான் எண்டன். ஊடு ஆருடையெண்டு ஒருத்தரும் கேக்கல்ல" என்று சாச்சி பின்னர் சொன்னார். சாச்சா உயிரோடிருந்த வரை அது எவருக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அவர் காலமானதும் பொருட்டாயிற்று.

1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாதனமற்றோர் சொத்துரிமைச் சட்டத்தின்படி, மரணசாதனம் எழுதாது இறந்த முஸ்லிமின் சொத்து இஸ்லாமிய வாரிசுரிமை விதிகளுக்கிணங்கப் பங்கிடப்படும். பிள்ளைகள் உள்ளவிடத்து மனைவிக்கு எட்டிலொரு பங்கு. சாச்சிக்கு ஆண்மக்கள் இல்லை, இரண்டு பெண்கள். அவர்கள் இருவருக்குமாக மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சிய இருபத்துநான்கில் ஐந்து பங்கு சாச்சாவின் சகோதரருக்கு உரியது. அவ்விதிகளில் நான் குறை காணவில்லை. இறந்தவரின் சொத்தைப் பங்கிடுவதற்கு அவை தெளிவான நீதியைக் கூறுகின்றன. சாச்சியின் துயரம், அச்சொத்து இறந்தவருடையதாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதே. தம் தாயிடமிருந்து பெற்று மகளுக்குக் கொடுப்பதற்காக அவர் காத்துவந்த முழு வீடு, ஒரு கட்டத்தில் விழுந்த பெயரால், எட்டிலொரு பங்காயிற்று.

சாச்சாவின் சகோதரர் நல்லவர்கள். தங்களுக்கு ஒன்றும் வேண்டாமென்றே சொன்னார்கள். ஆயினும் சொல் வேறு, கையெழுத்து வேறு. ஒருவர் வளைகுடா நாட்டில் இருந்தார். அவர் விடுமுறையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நொத்தாரிசுக்கும் சட்டத்தரணிக்கும் பிரதேச செயலகத்துக்குமாக ஆண்டுகள் கழிந்தன. சீதன வீட்டுக்கு உறுதி இல்லை என்பதால் மூத்த மகளுக்குப் பேசிவந்த ஒரு சம்பந்தம் தவறிப்போயிற்று. அந்த வினாவைக் கேட்டவர் இவற்றுள் ஒன்றையும் அறிந்திருக்க முடியாது. அவர் ஒரு நாளில் நாற்பது வீடுகளை முடித்துவிட்டு மாலையிலே படகேறிப் போயிருப்பார்.

இங்கு வினாவில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இரட்டை வினா அன்று. வழிநடத்தும் வினா அன்று. தெளிவற்ற வினாவும் அன்று. முறையியல் நூல்கள் கூறும் சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிடும். பத்துப் பேர் பத்து முறை கேட்டாலும் ஒரே விடையே வந்திருக்கும், ஆகவே நம்பகமானது. விடையும் உண்மையே. எனினும் அவ்வுண்மை கேட்கப்படாத வேறொரு வினாவுக்கு விடையாகக் கொள்ளப்பட்டது. வினாக்கொத்து தன்னிடத்தே உள்ள கட்டங்களுக்குப் பொருந்துவனவற்றை மட்டுமே உலகில் உள்ளனவாகக் காண்கின்றது என்பதற்கு இதனைக் காட்டிலும் வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அவ்வாறாயின் வினாக்கொத்தை ஒதுக்கிவிடலாமா? இக்காலத்தில் அவ்வாறு கூறுவது ஒரு நாகரிகமாகியும் வருகின்றது. எண்களை நம்பாதவர், எண்ணப்படாதவரின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். இலங்கை முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. 1981க்குப் பின்னர், போர் காரணமாக, 2012 வரை நாடு முழுவதையும் உள்ளடக்கிய மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் நடந்த மதிப்பீடு 18 மாவட்டங்களிலேயே முழுமை பெற்றது. முழுமை பெறாத ஏழு மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. ஒரு தலைமுறைக் காலம் எம்மூர் மக்கள் எத்தனை பேர் என்பதை மதிப்பீடாகவன்றி நிச்சயமாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. பாடசாலையும் மருத்துவமனையும் கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்நிச்சயமின்மை எவ்வளவு பெரிய இழப்பு என்பது தெரியவரும். போரின் பின் கைம்பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எத்தனை என நாடு அறிந்ததும் எண்ணிய காரணத்தினாலேயே. கட்டங்கள் மறைப்பன உண்டு; காட்டுவனவும் உண்டு.

எண்ணுவதிலும் எவரை எண்ணினோம் என்பது எண்ணிக்கையின் பருமனைவிட முக்கியமானது. 1936இல் அமெரிக்காவின் 'லிற்றரறி டைஜெஸ்ட்' என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றும், சனாதிபதித் தேர்தலில் லண்டனே வெல்வார் எனத் தவறாகக் கூறிற்று. றூஸ்வெல்ற் பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் மோட்டார் வாகனமும் உடையவரின் பட்டியல்களை அச்சஞ்சிகை பெரிதும் நம்பியிருந்தது. விடையனுப்பியவரும் எல்லோரையும் ஒத்தவரல்லர். நம்மிடத்தும் இந்நோய் வேறு வடிவில் உண்டு. கிராம ஆய்வுகளைப் பற்றி 1983இல் எழுதிய றொபேட் சேம்பர்ஸ், ஆய்வாளர் தார்வீதியை விட்டு இறங்காமையை ஒரு பெருங்குறையாகச் சுட்டினார். பல பக்க வினாக்கொத்துகளுக்கு ஆய்வாளரே அடிமையாகிவிடுவதையும் எடுத்துக்காட்டினார். தோப்பூரிலும் வீதியோரத்து வீட்டார் பலமுறை விடையளித்துவிட்டனர். உள்ளே, வயற்கரைகளில் வாழ்வோர் ஒருமுறையும் கேட்கப்படாமலே இருந்தனர்.

சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல என்பதற்கு முறையியல் வகுப்பிலே நான் தவறாது குறிப்பிடும் ஆய்வு ஒன்றுண்டு. றிச்சட் லாப்பியர் என்பவர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியருடன் அமெரிக்கா எங்கும் பயணஞ் செய்தார். சீனருக்கெதிரான வெறுப்பு அங்கு மிகுந்திருந்த காலம் அது. அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஓரிடத்தில் மட்டுமே மறுக்கப்பட்டனர். பின்னர் அதே இடங்களுக்கு, சீனரை விருந்தினராக ஏற்பீர்களா என வினவிக் கடிதம் அனுப்பினார். விடையளித்த 128 இடங்களில் 90 வீதத்துக்கும் மேற்பட்டவை ஏற்கமாட்டோம் என்றன. 1934இல் வெளியான இவ்வாய்வு, தாளில் எழுதப்பட்ட விடைக்கும் வாசலில் நிகழும் செயலுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் காட்டிற்று. அத்தூரம் எப்பொழுதும் ஒரே திசையில் இருப்பதில்லை. அமெரிக்க விடுதிக்காரர் தாளிற் கொடியவர்களாயும் செயலில் இரங்கியவர்களாயும் இருந்தனர். நம் ஊர்களில் தாளில் எல்லாம் நன்றாகவும் வாழ்வில் எல்லாம் குறையாகவும் இருப்பதுண்டு.

பின்னாளில், பட்டமேற்படிப்பின் பொருட்டு, நானே ஒரு வினாக்கொத்துடன் தோப்பூர், பாலத்தோப்பூர், செல்வநகர்ப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்றேன். அதற்கு முன் இரண்டு மாதங்கள் வினாக்கொத்தே இல்லாமல் அங்குத் தங்கினேன். தேநீர்க் கடையிலும் வயல் வரம்பிலும் மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு வினவிக்கொள்கின்றனர் என்பதைக் கவனித்தேன். அவர்கள் வருமானத்தைக் கேட்பதில்லை, "இந்த வெட்டுல கடன் தீந்திச்சா?" என்று கேட்கின்றனர். நான் வருமான வினாவை நீக்கி, போகத்துக்குப் போகம் விளைவு, செலவு, கடன் ஆகியவற்றைக் கேட்கும் வினாக்களை அமைத்தேன். வீட்டுத் தலைவர் என்ற ஒரு வினாவை நான்காகப் பிரித்தேன். இந்த வீடு யாருக்குச் சீதனமாக வந்தது? உறுதி யார் பெயரில் உள்ளது? பெரிய செலவுகளைத் தீர்மானிப்பவர் யார்? கூட்டங்களுக்குக் குடும்பத்தின் சார்பிற் செல்பவர் யார்? நான்கு வினாக்களுக்கும் ஒரே பெயரை விடையாகத் தந்த வீடுகள் மிகச் சிலவே. முதல் வினாவை நான் வாசித்ததும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததையும், அதுவரை கதவுக்குப் பின்னால் நின்று பேசியவர்கள் முன்னே வந்ததையும் நான் கண்டேன். தம்மை அறிந்த ஒருவர் எழுதிய வினா இது என்பதை அவர்கள் உணர்ந்துகொண்டனர் போலும்.

இவ்வனுபவத்தின் பயனாக மாணவருக்கு நான் கூறுவன சிலவே. முதலாவது, விடைகளைத் தேடிச் செல்லுமுன் வினாக்களைத் தேடிச் செல்லுங்கள். ஓர் ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் வினாக்கள் எவை என்று அறியாதவர் அவ்வூரை வினவத் தகுதி பெறுவதில்லை. இரண்டாவது, முன்னோட்ட ஆய்வைச் சடங்காகச் செய்யாதீர்கள். பத்துப் பேரிடம் வினாவை வாசித்துவிட்டு, "நான் என்ன கேட்டேன் என்று நீங்கள் விளங்கிக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் வெற்றிடம் விடுங்கள். அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல்லை அவ்வாறே எழுதிக்கொள்வதற்கு அது இடந்தரும். நான்காவது, கட்டத்தில் எழுதப்படும் ஒவ்வொரு பெயரும் பின்னர் எங்கெல்லாம் பயன்படக்கூடும் என்று சிந்தியுங்கள். உங்கள் ஆய்வேடு நூலகத்தில் உறங்கலாம். உங்கள் வினா வேறொருவரின் படிவத்துக்குப் பெயர்ந்து சென்று ஒருவரின் வீட்டைப் பெயர்த்துவிடவும் கூடும். இறுதியாக, முடிவுகளை ஊருக்கே கொண்டு சென்று வாசித்துக் காட்டுங்கள். பிழை இருப்பின் திருத்தக்கூடியவர்கள் அவர்களே.

வினாக்கொத்து ஒரு கருவி என்று பாடநூல்கள் கூறுகின்றன. கருவி என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. மண்வெட்டிக்கும் தராசுக்கும் உள்ள சார்பற்ற தன்மை இதற்கும் உண்டு என அது நினைக்கத் தூண்டுகின்றது. வினாக்கொத்தோ இரு மனிதரிடையே நிகழவேண்டிய உரையாடலின் ஒரு பாதியை, மற்றவரைக் காணுமுன்பே எழுதி முடித்துவிட்ட ஒன்று. எழுதியவர் மற்றவரை எவ்வளவு அறிந்திருந்தாரோ அவ்வளவே அதன் மதிப்பு. அளவிடும் முறைகள் வளர்ந்துள்ளன. கணினிகள் நொடிப்பொழுதில் ஆயிரம் படிவங்களைப் பகுத்துத் தருகின்றன. ஆனால் இந்த ஊடு ஆருடைய என்று கேட்கவேண்டும் என்பதை எந்தக் கணினியும் தோப்பூரின் சார்பில் நமக்குச் சொல்லப்போவதில்லை. அதனை அறிய அங்குச் சென்று இருத்தல் வேண்டும். வந்தவருக்குத் தரப்படும் தேநீரை ஆறுதலாகக் குடித்தல் வேண்டும். கேட்பதற்கு முன் கேட்டுக்கொண்டிருக்கப் பழகுதல் வேண்டும்.